பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேர்

கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், ரிங்கைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் கோட்டுக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சைப் பார்க்கிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒரு அணிக்கு 12 பேர். உள்ளே ஆடுவது 5 பேர். மீதி 7 பேரும் பனியன் போட்டுக்கொண்டு, ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோச் திரும்பிப் பார்ப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த 7 பேரைப் பற்றியும், அவர்களை எப்போது உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்கிற கோச்சைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இன்றைய சர்வதேச விதிப்படி ஆட்டம் 10 நிமிடம் வீதம் 4 பகுதி, மொத்தம் 40 நிமிடம். எந்த நேரத்திலும் 5 பேர் உள்ளே இருப்பதால், ஒரு கோச்சின் கையில் இருக்கும் சொத்து 200 நிமிடம். முக்கியமான 5 பேருக்கு ஆளுக்கு 32 நிமிடம் கொடுத்தால் 160 போய்விடும். மீதி 40. அதை 3 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 13 நிமிடம் சொச்சம் கிடைக்கும், 4 பேர் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். 7 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 6 நிமிடம்கூடத் தேறாது. 6 நிமிடத்தில் ஒரு பையனுக்கு உடம்பே சூடாகாது. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு ஏக்கர் நிலத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரிதான் இது. எப்படிப் பிரித்தாலும் ஒருவருக்கு வருத்தம் இருக்கும்.

இந்தத் தலைவலி ஆட்டம் பிறந்தபோது கிடையாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பீச் பழக் கூடைகள் இரண்டை பால்கனிக் கைப்பிடியில் அடித்துத் தொடங்கிவைத்தார். வகுப்பில் 18 பேர் இருந்ததால் பக்கத்துக்கு 9 பேர். எல்லோரும் உள்ளே, பெஞ்சில் யாரும் இல்லை! அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல் என்பது பலருக்குத் தெரியும். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது முறை தப்பு செய்தவன் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும், காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்திருந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும், அவனுக்குப் பதில் ஆள் இறக்கக்கூடாது.

பக்கத்துக்கு 5 பேர் என்று நிலைத்தது 1897 வாக்கில். அதன் பிறகும் அமெரிக்காவில் வெளியே போனவன் போனவன்தான், திரும்பி வர முடியாது. 1920களின் தொடக்கத்தில் ஒரு தடவை திரும்பி வரலாம் என்று மாற்றினார்கள். 1930களின் நடுவில் இரண்டு தடவை என்றார்கள். 1940களின் நடுவில்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று ஆயிற்று. இன்னொரு வேடிக்கை, 1949 வரை அங்கே டைம்-அவுட் எடுக்கும்போதுகூடக் கோச் ஆட்டக்காரர்களிடம் பேசக்கூடாது. உள்ளே இருப்பதைக் கேப்டன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே யாருக்கு எத்தனை நிமிடம் என்று கோச் பங்கு போடுகிற கலைக்கு வயது 80 வாக்கில்தான். நம்மில் சிலர் அதைவிட மூத்தவர்கள்.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழியும் நேர் வழிதான். நெய்ஸ்மித் இருந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். அங்கே படித்துத் தேறியவர்கள் டிரில் மாஸ்டர்களாகத் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். எந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் மரப்பலகையும் இரும்பு வளையமும் நட்டிருந்தாலும், தேடிப் போனால் பாதி வழியில் நந்தனம் வந்து நிற்கும். தேசிய அளவில் முதல் போட்டி 1934ல் டெல்லியில் நடந்தது. 1950ல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தபோது முதல் தலைவராக இருந்த சி.சி. ஆபிரகாமும் இந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைச் சேர்ந்தவரே.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாங்கள் வளர்ந்த காலத்தில் மைதானத்தை ஆண்டது கபடியும் வாலிபாலும்தான். கூடைப்பந்து என்பது சில பள்ளிகளில் மட்டும் இருந்த ஒரு ஆட்டம். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, வலை இல்லாத வளையம். மழை பெய்தால் நாலு நாள் ஆட்டம் கிடையாது. அப்போது நாமெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும்வரை கடலூர்தான் தலைநகரம். மாவட்டத் தேர்வு என்றால் விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும், அதற்கு வீட்டில் காசு கேட்க வேண்டும், அப்பா முகம் கடுகடுக்கும். அவ்வளவும் தாண்டிப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பி வருகிற பையனுக்கு வீட்டில் என்ன பதில் சொல்ல முடியும்? “ஆடினாயா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்து ஒரு பையன் அப்படி மூன்று வருடம் உட்கார்ந்தான். எந்தப் பள்ளி, யார் மாஸ்டர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் அணிக்கு வந்தான். வயதுக்கு மீறின உயரம், கை நீளம், கால் மட்டும் கொஞ்சம் தடுமாறும். மாஸ்டருக்கு நம்பிக்கையான 6 பேர் இருந்தார்கள். அந்த 6 பேரை வைத்துக் கோப்பைகள் வந்தன. தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரி நிறைந்தது. பையன் தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த 6 பேரும் ஒரே வருடத்தில் படிப்பை முடித்துப் போனார்கள். அடுத்த வருடம் இவன் இருந்தான், ஆனால் ஒரு முழு ஆட்டம் ஆடின அனுபவம் இல்லை. முதல் சுற்றிலேயே தோற்றார்கள். தோற்றதற்குக் காரணமும் அவன்தான் என்று பேச்சு வந்தது. அதோடு பந்தைத் தொடவில்லை. பிறகு வியாபாரத்துக்குப் போய் நன்றாகவே இருக்கிறான், அது வேறு விஷயம். ஆனால் அந்த மாஸ்டர் கெட்டவர் இல்லை. கோப்பை வராவிட்டால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. கோப்பையா பையனா என்று நிற்கும்போது பெரும்பாலோர் கோப்பையைத்தான் எடுப்பார்கள்.

உலகம் முழுக்கப் பெரிய பெரிய கோச்சுகளுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் நமக்குச் சில வழிகள் கிடைக்கும்.

முதலில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக். 1957லிருந்து 1966க்குள் 9 முறை என்.பி.ஏ. பட்டம் வாங்கிய கோச். அதுவரை முதல் 5 பேரில் இல்லாதவன் என்றால் இரண்டாம்தர ஆள் என்று எண்ணம். அவர்பாக் அதை மாற்றினார். ஃபிராங்க் ராம்சே என்ற நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே பெஞ்சில் உட்காரவைத்து, எதிரணி களைக்கத் தொடங்கும் நேரத்தில் உள்ளே அனுப்பினார். பிறகு ஜான் ஹாவ்லிசெக் அதே வேலையைச் செய்தார். ஆறாவது ஆள் என்பது கௌரவமான பதவி ஆயிற்று. 1982-83 பருவத்திலிருந்து சிறந்த ஆறாவது ஆளுக்கு என்.பி.ஏ.வில் தனி விருதே கொடுக்கிறார்கள்.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி இடங்களில் ‘ரெஸ்ட் கிவர்’ என்று ஒருவர் உண்டு. மற்ற ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு வார ஓய்வு வரும்போது அவர்கள் இடத்தில் உட்காருகிறவர். ஒரு நாள் இந்த ஸ்டேஷன், மறுநாள் அடுத்த ஸ்டேஷன். அவருக்கென்று நிரந்தர நாற்காலி இல்லை. அதனால் வேலை தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை, எல்லா ஸ்டேஷன் வேலையும் தெரிந்தவராக இருந்தால்தான் அந்த வேலையைப் பார்க்கவே முடியும். அவர் திடீரென்று லீவு போட்டால் நாலு பேருக்கு ஓய்வு போய்விடும். அவர்பாக் செய்தது, ரெஸ்ட் கிவருக்கு உரிய மரியாதையை ஊரறியக் கொடுத்ததுதான்.

அடுத்து யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ஜான் வுடன். 1964லிருந்து 1975க்குள் 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம். இவர் எல்லோருக்கும் நிமிடம் பங்கிடுகிற ஆள் இல்லை. 7 அல்லது 8 பேரைத்தான் ஆட்டத்தில் நம்புவார். மற்றவர்களுக்குப் பயிற்சி உண்டு, நிமிடம் குறைவு. சின்ன வட்டமாக இருந்தால் ஒருவர் மனது ஒருவருக்குத் தெரியும் என்பது அவர் வழி. நம் ஊர் மாஸ்டர்கள் கேட்டால் “பார்த்தீர்களா, நாங்களும் அதைத்தானே செய்தோம்” என்பார்கள். ஆனால் வுடனிடம் வந்து சேர்ந்தவர்கள் நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். பெஞ்சில் இருந்தவனும் வேறு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல் 5 பேரில் நிற்பான். நம்மிடம் இருப்பது ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஒரு வகுப்பு உயரமான பையன்கள். அவன் இங்கே ஆடாவிட்டால் வேறு எங்கேயும் ஆட மாட்டான்.

வுடன் காலத்தில் நடந்த ஒரு ஆட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய அமெரிக்கக் கல்லூரி விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆட முடியாது. 1972ல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். 1965 நவம்பரில் யு.சி.எல்.ஏ. புதிய அரங்கத்தைத் திறந்தபோது, தொடர்ந்து 2 ஆண்டுகள் தேசியப் பட்டம் வாங்கியிருந்த பெரிய அணியும் அதே கல்லூரியின் முதலாண்டு அணியும் மோதின. முதலாண்டுப் பிள்ளைகள் 75-60 என்று ஜெயித்துவிட்டார்கள்! அதில் 31 புள்ளி எடுத்த உயரமான பையன் லூ அல்சிண்டர். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். விதி காரணமாக அந்த வருடம் முழுக்க அவரால் பெரிய அணிக்கு ஆட முடியவில்லை, பெரிய அணிக்கு அந்த வருடம் பட்டமும் கிடைக்கவில்லை. அடுத்து அவர் ஆடின 3 வருடமும் பட்டம் வந்தது. சின்னவன் என்பதற்காக ஒருவனை உட்காரவைத்தால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஆள் எனக்குப் பிடித்தவர். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961லிருந்து 1997வரை கோச்சாக இருந்து 879 ஆட்டங்கள் ஜெயித்த டீன் ஸ்மித். அவர் அணியில் களைப்பு வந்தால் ஆட்டக்காரரே கையை முஷ்டியாக மடக்கி உயர்த்திக் காட்டலாம். கோச் உடனே அவரை வெளியே எடுப்பார். மூச்சு வாங்கி முடிந்ததும் எப்போது திரும்பி உள்ளே போவது என்பதையும் அவரே சொல்லலாம். களைத்துப் போனதை மறைத்துக்கொண்டு ஆடினால்தான் தப்பு. இதில் இரண்டு லாபம். உள்ளே இருப்பவன் தன் இடம் போய்விடுமோ என்ற பயமில்லாமல் வெளியே வருவான். வெளியே இருப்பவனுக்கு எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் விழிப்பாக இருப்பான். சில ஆட்டங்களில் கடைசி 5 பேரை ஒரே கூட்டமாக ஓரிரு நிமிடம் உள்ளே அனுப்புவதும் அவர் வழக்கம். அந்த நிமிடங்களில் முதல் 5 பேரும் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவார்கள். பின்னால் இருப்பவனுக்கும் அணியில் ஒரு வேலை உண்டு என்று ஆகிவிடும். கடைசி வருடப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்தில், அதுவரை பெஞ்சிலேயே இருந்தவனைக்கூட முதல் 5 பேரில் இறக்கிவிடுவார்.

1981ல் அவரிடம் ஒரு முதலாண்டுப் பையன் வந்தான். முதலாண்டுப் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் முதல் 5 பேரில் நிறுத்துவது அவரிடம் அபூர்வம். இவனை நிறுத்தினார். அதே சமயம், பருவத் தொடக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை அணியின் முதல் 5 பேரையும் அட்டையில் போடக் கேட்டபோது, இந்தப் பையனைத் தவிர மற்ற 4 பேரைத்தான் படம் எடுக்க அனுப்பினார். ஆடுவதற்கு நிமிடம் தருவேன், அட்டைப்படத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது அதன் அர்த்தம். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் 1982 மார்ச்சில் நடந்தது. ஒரு புள்ளி பின்தங்கி இருந்தபோது, கடைசி 20 விநாடிக்குள் பந்து அந்தப் பையன் கைக்கு வந்தது. போட்டான். 63-62. பையனின் பெயர் மைக்கேல் ஜோர்டான்.

இவ்வளவு தூரம் அமெரிக்காவைச் சுற்றிவிட்டேன். இந்தியாவுக்கு வருவோம். இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கியதில் இங்கே தவறாமல் சொல்ல வேண்டிய பெயர் டாக்டர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். ஆனால் அவர் பெயர் நிலைத்தது பஞ்சாபில், லூதியானா கூடைப்பந்து அகாடமியில். ஓய்வு பெற்று ஈஸிசேரில் சாய்கிற வயதில் அவர் விடலைப் பையன்களுக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டு நின்றார். 2013ல் காலமானார்.

அந்த அகாடமியின் வழி எளிமையானது. கிராமங்களிலிருந்து உயரமான பையன்களைக் கொண்டுவந்து தங்க இடம், சாப்பாடு, பள்ளிப்படிப்பு, காலை மாலை பயிற்சி என்று கொடுத்தார்கள். சத்நாம் சிங் அப்படி வந்தவர். பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சின்னக் கிராமம், விவசாயக் குடும்பம். அப்பாவும் பனைமர உயரம், அவருக்கும் இந்த ஆட்டத்தில் ஆசை இருந்தது, ஆனால் ஆட வாய்க்கவில்லை. மகனுக்கு 10 வயது ஆவதற்குள்ளேயே கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். பையன் லூதியானாவில் வளர்ந்து, 2010ல் 14 வயதில் உதவித்தொகையோடு அமெரிக்காவில் ஃபுளோரிடா பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

இன்னொருவர் அம்ரித்பால் சிங். இவர் கதை நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். வயலில் வேலை, கபடி ஆட்டம் என்று இருந்த பையன். மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுவிடுகிற 18 வயது வாக்கில்தான் இவர் கூடைப்பந்தையே கையில் எடுத்தார். அந்த வயதில் வந்த ஒருவனை நம் பள்ளி அணிகளில் யார் சேர்ப்பார்கள்? “இனிமேல் கற்றுக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்” என்போம். லூதியானாவில் சேர்த்துக்கொண்டார்கள். அம்ரித்பாலும், அதே அகாடமியின் அம்ஜோத் சிங்கும் இருந்த இந்திய அணி 2014ல் சீனாவின் ஊஹான் நகரில், சீனாவையே 65-58 என்று தோற்கடித்தது. 1975ல் பாங்காக்கில் ஆசியாவில் நான்காவது இடம் வந்த பிறகு இந்திய ஆண்கள் கூடைப்பந்தில் இவ்வளவு பேசப்பட்ட செய்தி வேறு இல்லை. அப்போது கோச் ஸ்காட் ஃபிளெமிங் என்ற அமெரிக்கர். ஆனால் அவர் கைக்கு வந்த உயரமான பையன்களை வளர்த்தெடுத்தது லூதியானா. அந்த வெற்றியைப் பார்க்க சுப்பிரமணியன் இல்லை. 2017ல் அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்கு ஆடப் போனார்.

2015 ஜூனில் சத்நாம் சிங்கை என்.பி.ஏ. தேர்வில் டல்லஸ் மாவரிக்ஸ் அணி 52வது ஆளாக எடுத்தது. அப்படித் தேர்வான முதல் இந்தியர். பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. பலர் அத்தோடு செய்தியை மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பகுதி. என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்ப்பு வரவில்லை. அதன் கீழ்நிலை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் 2 பருவம் இருந்தார். அங்கும் பெரும்பாலான நேரம் பெஞ்சுதான். 19 வயது, 7 அடி 2 அங்குல உயரம், கற்றுக்கொள்ள வேண்டிய நேரம், ஆனால் நிமிடம் இல்லை. காரணம் கொடுமை ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் போக்கே மாறி, உயரத்தைவிட ஓட்டமும் தூரத்திலிருந்து பந்து போடுவதும் முக்கியம் ஆகிவிட்ட காலம் அது. கனடாவில் ஒரு பருவம் ஆடினார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2 ஆண்டுத் தடை வந்தது. பிறகு அமெரிக்காவில் மல்யுத்த நிகழ்ச்சிகளுக்குப் போனார். 10 வயதுப் பையனை வளர்க்க ஒரு அகாடமி இருந்தது. 19 வயது வாலிபனைப் பக்குவப்படுத்த ஆட்ட நிமிடம் எங்கேயும் கிடைக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் நம் தமிழ்நாட்டுக்கே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 11 வயதில் பந்தைத் தொட்டவர், 19 வயதில் இந்திய அணிக்கே தலைவி ஆனார். 9 ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். தென்னக ரயில்வேயில் வேலை. திருமணம், குழந்தை என்று ஆன பிறகு திரும்பி வந்து, 2017ல் பெங்களூருவில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்குப் போனபோது அணியில் இருந்தார். 2021ல் பத்மஸ்ரீ. சின்ன வயதில் பொறுப்பைக் கொடுத்ததால் ஒரு பெண் 17, 18 வருடம் நாட்டுக்கு ஆடினார் என்பது ஒரு பக்கம். பிள்ளை பெற்றவள் இனி எதற்கு என்று பெஞ்சுக்குக்கூடக் கூப்பிடாமல் விடாதது இன்னொரு பக்கம். இரண்டுமே கோச்சுகள் எடுக்க வேண்டிய முடிவுகள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் கூடைப்பந்து வெறும் பொழுதுபோக்கு இல்லை. தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று அணி வைத்திருந்த, வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. நன்றாக ஆடினால் விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரியில் இடம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று ஒரு குடும்பமே கரையேறும் வழி அது. அந்த வழியின் முதல் படி, பள்ளி அணிக்காக மண்டலப் போட்டியிலும் குடியரசு தினப் போட்டியிலும் உள்ளே இறங்கி ஆடுவது. தேர்வுக்குழுவினர் உள்ளே ஆடுகிறவனைத்தான் பார்ப்பார்கள். பெஞ்சில் இருப்பவனை எழுப்பி “நீ என்ன செய்வாய்” என்று கேட்க மாட்டார்கள். அதோடு ஒன்பது, பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இந்த 4 வருடம்தான் பையன் ஆடுகிற காலமும், வீட்டில் “டியூஷனுக்குப் போ” என்று சொல்கிற காலமும். ஆட்டத்தில் அவனுக்கு ஒரு இடம் இருந்தால் வீட்டில் எதிர்த்துப் பேசவாவது வாய் இருக்கும்.

அதற்காக எல்லோருக்கும் சமமாகப் பிரி என்று நான் சொல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் கடைசி 3 நிமிடம், 2 புள்ளி வித்தியாசம் என்றால் தேர்ந்த 5 பேரைத்தான் நிறுத்த வேண்டும். அது மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். நான் பார்த்த நல்ல கோச்சுகள் வேறு ஒன்று செய்தார்கள். முதல் பகுதி முடியப்போகும் 2, 3 நிமிடத்தில் சின்னப் பையனை உள்ளே அனுப்புவார்கள். அப்போது தப்பு செய்தால் சரிசெய்ய 30 நிமிடம் மீதி இருக்கும். தனியாக அனுப்ப மாட்டார்கள், கூடவே அனுபவசாலிகள் இரண்டு பேராவது உள்ளே இருப்பார்கள். ஒரு பந்தைக் கோட்டை விட்டதும் விசில் அடித்து வெளியே இழுக்க மாட்டார்கள், இன்னும் ஒரு நிமிடம் விட்டு, அவன் ஒரு நல்ல காரியம் செய்ததும் எடுப்பார்கள். ஜெயித்துவிட்ட ஆட்டத்தின் கடைசி 5 நிமிடத்தை மட்டும் அவனுக்குப் போட்டுவிட்டு, வாய்ப்பு கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, “இந்த மாதம் உனக்கு 4 நிமிடம், நீ இடது கையால் பந்து தட்டக் கற்றுக்கொண்டால் அடுத்த மாதம் 8 நிமிடம்” என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். பெஞ்சில் உட்காருவதைவிட, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் உட்காருவதுதான் ஒரு பையனை உடைக்கும்.

சில நாடுகளில் சிறுவர் ஆட்டத்தில் வந்த பிள்ளைகள் எல்லோரையும் குறிப்பிட்ட நேரம் ஆடவிட்டே ஆக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்ட பிரிவுக்காவது அப்படி ஒரு விதி வந்தால் நல்லது என்பது என் எண்ணம். மாஸ்டருக்கும் அது பாதுகாப்பு. தலைமையாசிரியர் கோப்பை எங்கே என்று கேட்டால், “விதி ஐயா, எல்லோரையும் ஆடவிட வேண்டும்” என்று சொல்லிவிடலாம்.

இதைப் படிக்கிறவர்களில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருப்பீர்கள். பேரன் பேத்தியை மாலையில் மைதானத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். அடுத்த முறை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளிப் போட்டி நடந்தால் அரை மணி நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளி போட்ட பையனைச் சுற்றி எப்படியும் ஒரு கூட்டம் நிற்கும். நீங்கள் பெஞ்சுப் பக்கம் போய், அந்தக் கடைசிப் பையனிடம் எந்த வகுப்பு படிக்கிறாய், எத்தனை வருடமாக வருகிறாய் என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.